வெற்றிக்கு முன்னே பிறக்கும் பெருமை

நுழையும்முன்

பிள்ளை கோப்பையோடு வீடு திரும்பும் நாளில் பெற்றோர் பெருமிதம் கொள்வது இயல்பு. வெறுங்கையோடு திரும்பும் நாளில் அப்பெருமிதம் எங்கே செல்கிறது? விளையாட்டையும் கல்வியையும் எதிரெதிராக நிறுத்தும் வழக்கம் சரிதானா? இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

தித்தன் காணாத களம்

சோழர் குடியில் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை எதிர்த்து மற்போர் புரிந்தான். மல்லனின் மார்பில் ஒரு காலை மடித்து ஊன்றி, மறுகாலால் அவனது சூழ்ச்சியைத் தடுத்துக் கிள்ளி வென்ற காட்சியைப் புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார் வடித்துள்ளார். கிள்ளிக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் மனவேற்றுமை இருந்தது. தித்தன் விரும்பினும் விரும்பாவிடினும் மகனின் ஆற்றலை வந்து காண வேண்டும் என்பதே புலவரின் விழைவு. அப்பாடலில் அவர் பரிசில் வேண்டவில்லை. ஒரு தந்தையின் பார்வையையே வேண்டுகிறார். இன்றைய பள்ளித் திடல்கள் பலவற்றிலும் அந்தப் பார்வைக்காகவே பிள்ளைகள் காத்திருக்கின்றனர்.

பதினோராம் வகுப்பில் நிற்கும் பந்து

எட்டாம் வகுப்பில் ஓடியவனையும் ஒன்பதாம் வகுப்பில் கைப்பந்து ஆடியவளையும் மேல்நிலை வகுப்பில் திடலில் காண்பது அரிதாகிறது. "இரண்டே ஆண்டுகள், பிறகு விளையாடிக்கொள்ளலாம்" என்று வீடு சொல்கிறது. உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு அல்லது இயற்பியல் எடுத்துக்கொள்கிறது. பெண்பிள்ளைக்கோ இத்தடை இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது. 'வளர்ந்த பெண்' என்ற ஒரு சொல்லே அவளைத் திடலிலிருந்து வெளியேற்றப் போதுமானதாக உள்ளது.

குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் விளையாட்டுத் திடலையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கு உரியது. ஆனால், உடலின் தேவை 14 வயதோடு முடிவதில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலுக்கு உழைப்புத் தர வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. மேல்நிலை மாணவரின் வயதும் இவ்வரம்பிற்குள் அடங்குவதே.

பெற்றோரின் அச்சத்தைப் புறந்தள்ளவும் இயலாது. உயர்கல்விக்கு மதிப்பெண் வேண்டும்; விளையாட்டால் வாழ்வு பெறுவோர் மிகச் சிலரே. இஃது உண்மை. எனினும், எல்லாரும் கவிஞராவதில்லை என்பதற்காக எவரும் தமிழ்ப் பாடத்தை நிறுத்துவதில்லை. விளையாட்டு வாகையர் சிலரை உருவாக்குவதற்காக மட்டும் உள்ளதன்று. ஆடும் அனைவரையும் பண்படுத்துவதற்காக உள்ளது.

கபடியே அதற்குச் சான்று. பிடிபட்டவர் களத்தைவிட்டு வெளியே அமர்கிறார். அவருடைய அணியைச் சேர்ந்த ஒருவர் எதிரணியினர் ஒருவரை வீழ்த்தினால் அவர் மீண்டும் உள்ளே வருகிறார். தோல்வி முடிவன்று என்பதையும் தன் மீட்சி தோழரின் உழைப்பால் வருவது என்பதையும் ஒரு பிள்ளை உடலால் உணரும் இடம் அது. தேர்வில் ஒருமுறை சறுக்கியதும் உலகமே முடிந்ததாகக் கலங்கும் வயதில் இப்பாடம் எத்தனை இன்றியமையாதது!

இரு நாற்காலிகள்

ஆசிரியரே பெற்றோராகவும் இருக்கும் இல்லங்களில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. காலையில் பள்ளியில் பிறர் பிள்ளையை மாவட்டப் போட்டிக்கு ஊக்கி அனுப்பும் ஆசிரியர், மாலையில் தம் பிள்ளையின் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். மாணவருக்குச் சொல்லும் அறம் மகளுக்கும் பொருந்த வேண்டும். அவ்வாறு பொருந்தாத அறத்தைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்வர்.

நம்பிக்கை முந்திக்கொண்ட இடங்களில் என்ன விளையும் என்பதைத் தமிழகம் கண்டுள்ளது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலக்காலில் கடுங்காயமுற்றார். அவருடைய தாய் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டுதலுக்கு ஊக்கினார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். அடுத்த இரு பாராலிம்பிக் போட்டிகளில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். உலகம் 2016இல் கண்டதை ஓர் ஆசிரியர் பள்ளித் திடலிலேயே கண்டுவிட்டார்.

சென்னையின் வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற உலகின் முதல் அக்கா தம்பி. தொலைக்காட்சி முன் அமர்வதைக் குறைக்க மகளுக்குச் சதுரங்கம் கற்பித்த வீடு அது. போட்டி நடந்த ஊர்களுக்குச் சமையல் பாத்திரத்தோடு உடன்சென்றார் தாய் நாகலட்சுமி.

பெருமை சுமையாகும்போது

பார்வை இல்லாமை ஒரு குறை எனில், பார்வையே பாரமாவது மற்றொரு குறை. எல்லைக் கோட்டருகே நின்று பயிற்றுநரை மீறிக் கத்தும் தந்தை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பதக்கத்தை எண்ணிக் காட்டும் தாய், தோற்ற அணியை மேடையில் குறிப்பிட மறக்கும் பள்ளி ஆகிய மூவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். பிள்ளையின் ஆட்டத்தைத் தம் மதிப்பின் அளவுகோலாக்குகின்றனர். அந்நிலையில் பிள்ளை எதிரணிக்கு அஞ்சுவதில்லை. வீடு திரும்பவே அஞ்சுகிறது.

உண்மையான பெருமை முடிவைக் கேட்பதற்கு முன்பே பிறப்பது. விடியலில் எழுந்து ஓடியதற்கும், நடுவர் காணாதபோதும் தன் தவற்றை ஒப்புக்கொண்டதற்கும், தோற்றபின் எதிரணியின் கையைப் பற்றிக் குலுக்கியதற்கும் கிடைக்க வேண்டிய பெருமை அது. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு மணி நேரத்தைப் பிள்ளைக்குத் திருப்பித் தருவதும், உடற்கல்விப் பாடவேளையை அதற்கே விட்டுவைப்பதும், ஆண்டில் ஒருமுறையேனும் திடலுக்கு வந்து அமர்வதும் போதும். மாணவருக்கும் இதில் கடமை உண்டு. ஆடிய மாலைக்குப் பின் நூலையும் அதே முனைப்போடு திறந்தால், பந்து படிப்பின் பகையன்று என்பதை எந்தச் சொற்போருமின்றி வீட்டிற்கு உணர்த்திவிடலாம்.