பட்டம் உண்டு, பாதை இல்லை

பிரிட்டனின் இளம் கார் பந்தய வீராங்கனை ஜேமி சாட்விக், மகளிருக்கான டபிள்யூ சீரிஸ் தொடரில் 2019, 2021, 2022 என மூன்று முறை பட்டம் வென்றார். அத்தொடர் நடந்ததே அந்த மூன்று ஆண்டுகள்தாம். பின்னர் நிதி நெருக்கடியால் முடங்கிப்போனது. ஃபார்முலா 2 பந்தயத்தில்கூட இடம் கிடைக்காத நிலையில், 2023-இல் அவர் அமெரிக்காவின் இண்டி நெக்ஸ்ட் தொடருக்குச் சென்றார். மறு ஆண்டே ரோடு அமெரிக்கா களத்தில் ஆண்களை முந்தி வென்றார். குறை திறமையில் இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஒரு பெண் கடைசியாகக் களமிறங்கியது 1976-இல். அவர் இத்தாலியின் லெல்லா லொம்பார்டி. கீழ்நிலைத் தொடர்களில் இடம்பிடிக்கவே பெரும் நிதி திரட்ட வேண்டியிருக்கிறது. எனவே, மகளிருக்குத் தனித் தொடர் நடத்துவதோடு பொறுப்பு முடிந்துவிடாது. பட்டம் வெல்பவருக்கு அடுத்த நிலையில் ஓர் இடத்தையும் உறுதிசெய்வதே உண்மையான வாய்ப்பாகும்.