மலையேறும் வலி

விடியும் முன்னே தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து மலைமேல் உள்ள கம்பம்மெட்டுக்கு ஏறும் ஜீப்புகளில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பகலெல்லாம் குனிந்து காய் பறித்தால் உடம்பு வலிக்கத்தான் செய்யும். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் உடம்பெங்கும் வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதி என்று நீடித்தால் அது ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் அது தெரியாது. அதற்காக ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்புவது அநியாயம்.

சாதாரண வலி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் இதற்குப் பெரிதாகப் பயன்படுவதில்லை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு 2016-ல் அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். தோட்ட வேலையே பயிற்சிதானே என்பார்கள். இல்லை; உடம்பு தாங்கும் அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டும் நடையும் தசைப் பயிற்சியும் வேறு. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், பிரிகாபாலின், டுலாக்ஸெடின் ஆகியவை சிலருக்கு உதவும், எல்லாருக்கும் அல்ல.

தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல், இத்தகைய பயிற்சிக்கு உதவும் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பகலில் மலைமேல் இருக்கும் இந்தப் பெண்களுக்கு அது மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.