நாய்ஸ் முகத்தில் இல்லை

“இவர் முகத்துல நாய்ஸ் ஜாஸ்தியா இருக்குண்ணா. க்ளீன் பண்ணிடட்டுமா?”

சாலிகிராமத்தில் ஒரு டிஐ அறை. இருட்டில் இயக்குநர், கலரிஸ்ட், அவருடைய உதவியாளர். பின்னிருக்கையில் ஆய்வுக் குறிப்பேட்டுடன் நான். திரையில் ஓர் இரவுக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றை மஞ்சள் பல்பின் கீழே இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் நாயகன், வெளுத்த நிறம். மற்றவர் தெருக்கூத்துக் கலைஞர், நல்ல கறுப்பு. நாயகனின் முகம் துலக்கிவைத்த பாத்திரம்போல இருந்தது. கூத்துக் கலைஞரின் முகத்தில் நீலமும் சிவப்புமாய்ப் பொடிப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. கேள்வி கேட்ட உதவியாளரிடம் எந்த வன்மமும் இல்லை. அவரும் என்னைப் போலக் கறுப்புதான். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ‘முகத்துல நாய்ஸ்’. தோழர்களே, நாய்ஸ் முகத்தில் இருப்பதில்லை.

அது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். கேமராவின் சென்சார் என்பது ஒளித்துகள்களை எண்ணும் கருவி. ஒளி சீரான ஓடையாக வராது, மழைத்துளிபோலச் சிதறித்தான் விழும். ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 துகள்கள் விழுந்தால் எண்ணிக்கை 100 வரை முன்பின் ஆடும். அதாவது 1 சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்கள் மட்டுமே விழுந்தால் ஆட்டம் 10. அது 10 சதவீதம், கண்ணை உறுத்தும். அதோடு சென்சாரின் மின்சுற்றே உண்டாக்கும் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அது கிடைத்த குறைந்த ஒளியையும் அதன் ஆட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கும், புதிதாக ஒரு துகளைக்கூடக் கொண்டுவராது. மஞ்சள் பல்பில் நீல ஒளி மிகக் குறைவு. நான்கு பிக்சல்களில் ஒன்றுதான் நீலத்துக்கு. ஆகவே அந்த நீலத்தை இழுத்து உயர்த்தும்போது புள்ளிகள் அங்கேதான் முதலில் கொதிக்கின்றன.

ஆக, நாய்ஸ் என்றால் அந்த இடத்துக்கு ஒளி போதவில்லை என்று பொருள். போதாமல் விட்டது யார்?

“கேமராவுக்குச் சாதி தெரியுமா, நிறம் தெரியுமா?” என்பது இந்தத் துறையில் நான் அடிக்கடி கேட்கும் வாதம். தெரியாதுதான். ஆனால் லைட்டை எங்கே வைப்பது, எந்த முகத்தை அளந்து எக்ஸ்போஷரை முடிவு செய்வது என்பதைக் கேமரா தீர்மானிப்பதில்லை. ஒளிப்பதிவில் அளவுகோலாக 18 சதவீத ஒளியைத் திருப்பித் தரும் சாம்பல் அட்டை ஒன்று உண்டு. வெளுத்த தோல் தோராயமாக அதைப் போல இருமடங்கு ஒளியைத் திருப்பும், நல்ல கறுப்புத் தோல் பாதியை. இருவரையும் ஒரே பல்பின் கீழே நிறுத்தி, நாயகனின் முகத்துக்கு அளந்தால், கறுப்புத் தோலிலிருந்து சென்சாருக்கு நாலில் ஒரு பங்கு ஒளிதான் வந்து சேரும். அவர் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பிடித்திருந்தால்கூடக் கதை வேறு. பிடிக்கவில்லை. நாயகனுக்குத் தனி லைட் வைக்க நேரம் இருந்தது. துணைப் பாத்திரத்துக்கு “டிஐல பாத்துக்கலாம்”.

இது டிஜிட்டலோடு வந்த நோயுமல்ல. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பினக் குழந்தைகள் வகுப்புப் புகைப்படங்களில் கண்ணும் பல்லுமாகத் தெரிந்தபோது அசையாத நிறுவனம், மரச்சாமான் வியாபாரிகளும் சாக்லேட் வியாபாரிகளும் தங்கள் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று புகார் சொன்னபோது அசைந்தது. கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களிடமே பேசி எழுதிவைத்த வரலாறு இது. மேசைக்குக் கிடைத்த மரியாதை மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இப்போது ‘க்ளீன்’ செய்வதற்கு வருகிறேன். நாய்ஸ் நீக்கும் மென்பொருள் இரண்டு வேலைகள் செய்யும். முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களோடு ஒப்பிட்டு, மாறிக்கொண்டே இருப்பதை நாய்ஸ் என்று கழிக்கும். ஒரே ஃப்ரேமுக்குள் பக்கத்துப் பிக்சல்களோடு ஒப்பிட்டு, சிறிய வேறுபாடுகளைச் சமன்செய்யும். எவ்வளவு சிறிய வேறுபாடு என்பதற்கு நாம் ஒரு எல்லை வைக்கிறோம். சிக்கல் இங்கேதான். ஒளி குறைந்த தோலில் மயிர்க்காலும் சுருக்கமும் தழும்பும் காட்டும் வேறுபாடு, நாய்ஸின் ஆட்டம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். மென்பொருளுக்கு அம்மைத்தழும்பு என்றால் என்னவென்று தெரியாது. எல்லைக்குக் கீழே இருப்பதையெல்லாம் வழித்துவிடும். வெளிச்சத்தில் இருக்கும் நாயகனுக்கு அதனால் சேதமில்லை, அவர் தோலின் விவரம் எல்லைக்கு மேலே பத்திரமாக இருக்கிறது. கறுப்பு முகம் மெழுகுபொம்மை ஆகிறது. தலையைத் திருப்பினால் கன்னம் ஒரு கணம் இழுபட்டுக் கரைகிறது.

ஓடிடி வந்தபிறகு இந்தத் துடைப்பு கூடியிருக்கிறது. ஒழுங்கற்ற புள்ளிகளைச் சுருக்கி அனுப்ப நிறைய டேட்டா செலவாகும் என்பதால் சுத்தமான பிம்பமே எல்லோருக்கும் வசதி. 2018இல் வெளியான ஏவி1 என்ற வீடியோ முறையில் ஒரு வேடிக்கை உண்டு. அனுப்பும்போது புள்ளிகளை நீக்கிவிட்டு, நம் வீட்டுத் திரையில் செயற்கையாக அதே சாயலில் தூவிக்கொள்ளலாம். புள்ளி திரும்பி வரும். அதோடு போன தழும்பு வராது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிறமும் சாதியும் ஒன்றல்ல. கறுப்பாக இருக்கும் ஆதிக்கச் சாதியினரும் வெளுத்த தலித்துகளும் நம் ஊரில் ஏராளம். இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டியது சினிமாதான். ஒடுக்கப்பட்டவர் பாத்திரம் என்றால் வெளுத்த நடிகருக்குக் கருஞ்சாயம் பூசுகிறார்கள். அந்தச் சாயத்துக்கு மேக்கப் டெஸ்ட் உண்டு, கேமரா டெஸ்ட் உண்டு. பிறவியிலேயே அந்த நிறத்தோடு வந்து நிற்கும் கலைஞருக்கு எந்த டெஸ்ட்டும் இல்லை. பூசிய கறுப்புக்கு ஒளி அளக்கிறார்கள், பிறந்த கறுப்பைக் க்ளீன் செய்கிறார்கள். இதைச் சாதிய மனோபாவம் என்று சொன்னால் “டெக்னிக்கல் விஷயத்துல அரசியல் பண்ணாதீங்க” என்கிறார்கள்.

டெக்னிக்கலாகவே பேசுவோம். 2016இல் வந்த ‘மூன்லைட்’ படம் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டது. பேரி ஜென்கின்ஸ் இயக்கம், ஜேம்ஸ் லாக்ஸ்டன் ஒளிப்பதிவு, கேமரா நம் ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும் அலெக்ஸா. முகத்தில் பவுடர் அப்பி மட்டுப்படுத்தாமல் எண்ணெய்ப் பளபளப்பை விட்டுவைத்து, தோல் ஒளியைத் திருப்பும்படி செய்தார்கள். ‘இன்செக்யூர்’ தொடரின் ஒளிப்பதிவாளர் ஏவா பெர்கோஃப்ஸ்கியும் ஏறத்தாழ இதே வழியைத்தான் சொன்னார். இதில் எதற்கும் கோடிகள் தேவையில்லை.

நாய்ஸ் நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிறப்புள்ளிகளை மட்டும் எடுத்து, வெளிச்ச வேறுபாட்டைத் தொடாமல் விடலாம். முகத்துக்குத் தனி மாஸ்க் போட்டு எல்லையைக் குறைக்கலாம். மானிட்டரில் அல்லாமல் பெரிய திரையில் ஓடவிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், படப்பிடிப்பில் அவருக்கும் ஒரு லைட் வைக்கலாம். நம் தோழர்கள் எடுக்கும் குறும்படங்களிலும் இதைத்தான் கேட்கிறேன். அங்கேயும் ‘டிஐல பாத்துக்கலாம்’ கேட்டிருக்கிறேன்.

அன்று அந்த அறையில் நான் வாயைத் திறந்தேன். கூத்துக் கலைஞரின் இடது புருவத்துக்கு மேலே மூன்று அம்மைத்தழும்புகள் இருந்தன, க்ளீன் செய்ததும் அவை போய்விட்டன என்றேன். இயக்குநர் திரும்பிப் பார்த்தார். கலரிஸ்ட் பழைய ஷாட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் மாஸ்க் வரைந்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, அந்த ஒரு ஷாட்டில் தழும்புகளைத் திரும்பக் கொண்டுவந்தார். இருபது நிமிடம் ஆனது. காட்சியில் இன்னும் பதினோரு ஷாட்கள் இருந்தன. வெளியே அடுத்த படத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“மத்ததை அப்படியே விட்டுடலாம்ணா” என்றார் இயக்குநர்.