ஹாலுக்கு மார்பிள்... அடுப்படிக்கு மிச்சம் மீதியா?

வீட்டை இடித்துப் புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்ததும் நம்ம வீடுகளில் என்ன பேச்சு ஓடும்? ஹாலுக்கு மார்பிளா, டைல்ஸா? வாசல் கதவில் என்ன வேலைப்பாடு? டி.வி. வைக்கிற சுவருக்கு எந்தக் கலர்? ஒரு மாதம் இதே பேச்சுதான். அடுப்படி? "அதுக்கென்ன, மேடைக்கு கிரானைட் போட்டாப் போச்சு!" துணி துவைக்கிற இடம்? "மிஷினை ஏதாவது ஒரு மூலையில தள்ளிக்கலாம்!"

அந்த மூலையில்தான் ஒருத்தருடைய இடுப்பு தேய்கிறது. விருந்தாளி வந்து அரை மணி நேரம் உட்காருகிற ஹாலுக்கு லட்சங்கள். தினமும் நாலைந்து மணி நேரம் ஒருவர் நின்றே வேலை பார்க்கிற இடத்துக்கு மிச்சம் மீதி. இது என்ன நியாயம்?

அடுப்படியும் துவைக்கிற இடமும் அலங்கார சமாச்சாரம் இல்லை, ஆரோக்கிய சமாச்சாரம். அங்கே நிற்கப்போகிறவரைக் கேட்காமல், அவரை அளந்து பார்க்காமல், மேஸ்திரி ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

மேடை யாருடைய உயரத்துக்கு?

"எல்லா வீட்டுக்கும் இதே உயரம்தாங்க போடுறோம்" என்பார் மேஸ்திரி. எல்லா வீட்டிலும் ஒரே உயரத்தில் பெண்கள் இருக்கிறார்களா என்ன? வழி சுலபம். வெறுங்காலுடன் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 அங்குலம் கழியுங்கள். காய் நறுக்குகிற மேடைக்கு அதுதான் உயரம். ஐந்தடி உயரமுள்ளவருக்கு இது சுமார் 33, 34 அங்குலம் வரும்.

ஆனால் அடுப்பை அந்த மேடை மேலேயே வைத்தால், பாத்திரம் உட்காருகிற இடம் இன்னும் 4 அங்குலமாவது ஏறிவிடும். அதன் மேல் குக்கர் வேறு! தோளைத் தூக்கித் தூக்கிக் கிளறினால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? அடுப்பு வைக்கிற பகுதியை மட்டும் 3, 4 அங்குலம் இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். சிங்க் இதற்கு நேர் எதிர். அதன் அடிப்பகுதி பள்ளத்தில் இருப்பதால் குனிய வேண்டிவரும். அதனால் விளிம்பு கொஞ்சம் உயர்ந்தே இருக்கட்டும்.

மாமியார் குள்ளம், மருமகள் உயரம் என்றால்? குள்ளமானவருக்கு ஏற்றபடி மேடையைக் கட்டிவிட்டு, உயரமானவர் தடிமனான பலகை வைத்து நறுக்கலாம். முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு ஓரத்தில் இரண்டரை அடி உயரத்தில், கீழே கால் நீட்ட இடம் விட்டு, ஒரு சின்ன மேடை போடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கீரை ஆயலாம், பூண்டு உரிக்கலாம்.

"நம்ம பாட்டியெல்லாம் மேடை இல்லாமலே சமைக்கலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சமைத்தார்கள். உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், கிணற்றடிக்கும் முற்றத்துக்கும் நடந்தார்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கல் தரையில் நிற்கவில்லை. விறகுப் புகை அவர்கள் கண்ணையும் நெஞ்சையும் என்ன பாடு படுத்தியது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நடை, புகை, கேஸ்

ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு. சமைப்பவர் சுற்றிச் சுற்றி வருவது இந்த மூன்றுக்கும் நடுவேதான். ஒன்றிலிருந்து இன்னொன்று 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மேல் போகாமலும் இருப்பது நல்லது என்பது கட்டடக் கலையில் பழைய கணக்கு. நம்ம ஊர் பிளாட்டில் தூரம் பிரச்னை இல்லை, நெருக்கடிதான் பிரச்னை. சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே 2 அடியாவது வெறும் மேடை விடுங்கள். கொதிக்கிற குழம்பை இறக்கி வைக்க இடம் வேண்டாமா? எதிரெதிரே இரண்டு மேடை போட்டால் நடுவில் மூன்றரை அடி வழி இருக்கட்டும்.

தாளிக்கிற நெடி சாதாரண விஷயம் என்று நினைக்காதீர்கள். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது கிளம்பும் புகையை, 'புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற பட்டியலில் சேர்த்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு. பயப்பட வேண்டாம், புகைக்கு வழி விட்டால் போதும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்து வைத்தால், ஜன்னல் காற்றைத்தான் அது இழுத்து வெளியே தள்ளும், புகை உள்ளேயே சுற்றும். காற்று எதிர்ப்புறத்திலிருந்து வரட்டும். சிம்னி வாங்கினால் குழாயை வெளிச்சுவர் வரை கொண்டுபோங்கள்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டரைக் கீழே அலமாரிக்குள் வைத்து மூடுகிறீர்களா? அலமாரியின் அடியிலும் மேலேயும் காற்றுத் துளை வேண்டும். அதன் பக்கத்தில் தரையை ஒட்டி பிளக் பாயின்ட் வைக்கவே வேண்டாம்.

வாஸ்து பார்ப்பவர்கள் அக்னி மூலை என்பார்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் அதற்காக இருக்கிற ஒரே ஜன்னலை அடைத்துவிடாதீர்கள். தென்கிழக்கு மூலைதான் என்றாலும், மூச்சு விட வழி வேண்டாமா?

துணிக்கும் ஓர் இடம்

இடமில்லை என்று வாஷிங் மிஷினை அடுப்படிக்குள் கொண்டுவந்தால், அரிசி டப்பாவுக்கும் அடுப்புக்கும் எட்ட, எதிர்ப்பக்கம் வையுங்கள். அழுக்குத் துணியை, அதிலும் குழந்தை துணி, நோயாளி துணியை, மேடை மேல் போட்டுப் பிரிக்கவே கூடாது. சோப்பு நீர் போகிற குழாயை சிங்க் குழாயோடு இணைக்காமல் தனியாக விட்டால், எண்ணெய்ப் பிசுக்கில் அடைத்துக்கொண்டு தண்ணீர் எதிர்த்து வராது.

குளியலறையில் வைப்பதானால் தண்ணீர் தெறிக்காத இடம், 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த், இத்துடன் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரன்ட்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இதில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. ஈரக் கையும் கரன்ட்டும் உயிர் விஷயம்.

துவைக்கிற இடமும் காயப்போடுகிற இடமும் முடிந்தவரை ஒரே தளத்தில் இருக்கட்டும். ஈரத் துணி வாளியோடு மொட்டை மாடிப் படி ஏறுவது முழங்காலுக்குத் தண்டனை. கால் வழுக்கினால் எலும்பு முறிவு! ஐப்பசி, கார்த்திகை மழையில் துணியைப் படுக்கையறையில் கட்டித் தொங்கவிட்டால் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும், வீசிங் உள்ள குழந்தை ராத்திரியெல்லாம் இருமும். மேலே கூரை, இரண்டு பக்கம் காற்று என்று ஒரு சின்ன பால்கனியைத் துணிக்கென்றே விடுங்கள்.

சாக்கட்டி வைத்தியம்

சுவரை உடைக்கும் முன் எட்டணா செலவில்லாத ஒரு பரீட்சை. மேடை, சிங்க், அடுப்பு, மிஷின் எல்லாவற்றையும் தரையில் சாக்கட்டியால் வரையுங்கள். சமைக்கிறவர் அதில் நின்று, காலை நேர வேலையை ஒருமுறை நடித்துப் பார்க்கட்டும். பால் எடுக்கிறார், இட்லி ஊற்றுகிறார், குக்கர் இறக்குகிறார், மிஷினில் துணி போடுகிறார். எங்கே இடிக்கிறது, எங்கே வீண் நடை என்று பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டுத் தலைவரே, நீங்களும் ஒருமுறை நின்று பாருங்கள்! இப்போது கோட்டை அழித்து மாற்றலாம். கிரானைட் போட்ட பிறகு முடியுமா?

ஹால் டைல்ஸை அடுத்த வருஷம்கூட மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த முதுகெலும்பை மாற்ற முடியாது. முதல் செலவு அடுப்படிக்கும் துவைக்கிற இடத்துக்கும். மீதி இருந்தால் ஹாலுக்கு!