விழிஞ்ஞம் கடனும் நம் வாழையும்

கேள்வி: விழிஞ்ஞம் துறைமுகக் கடன் நம் தலையில் விழுமா? வாழைக்கு லாபம் உண்டா?
– வாசகர், சின்னமனூர்

பதில்: 1910ல் சான்பிரான்சிஸ்கோ துறைமுகக் கடனுக்கு கலிபோர்னியா மக்களே ஓட்டுப் போட்டார்கள். நம்மிடம் அந்த வழக்கம் இல்லை. விழிஞ்ஞத்துக்கு மத்திய அரசின் பங்கு 817.80 கோடி ரூபாய். கேரளா அதை மானியமாகக் கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. துறைமுக வருவாயிலிருந்து திருப்பித் தர வேண்டும். அது கேரளாவின் பாடு.

லாபமா? 2025 மே 2ல் திறப்பு விழா நடந்தாலும், அங்கே பெரும்பாலும் கப்பலுக்குக் கப்பல் மாற்றும் கண்டெய்னர்தான். நமக்குத் தூத்துக்குடியும் கொச்சியும் இருக்கின்றன. ஏற்றுமதிக்கு ஜி9 காயை முக்கால் பருவத்தில் பச்சையாக வெட்டுங்கள். தாரைத் தரையில் போடாதீர்கள். சீப்பாகப் பிரித்து, பால் வடியவிட்டுக் கழுவுங்கள். 13–14 டிகிரி குளிரில் போக வேண்டும். அடிபட்ட காயை வியாபாரி கழித்துவிடுவார்.