துவாட்டரா: ‘வாழும் டைனோசர்’ அல்ல

நியூசிலாந்தில் மட்டும் வாழும் துவாட்டராவைப் பற்றி நூல்களிலும் தொலைக்காட்சிப் படங்களிலும் ஒரே வருணனை திரும்பத் திரும்ப வருகிறது: அது டைனோசர் இனத்தின் மிச்சம், 20 கோடி ஆண்டுகளாகத் துளியும் மாறாத ‘வாழும் புதைபடிவம்’, காலம் கடந்த உயிர் என்பதால் அழிந்துவருகிறது. இவற்றுள் முதலும் மூன்றும் தவறு. இரண்டாவதில் உண்மை கொஞ்சம், மிகை அதிகம்.

டைனோசர் உறவைச் சோதிக்கக் கொல்கத்தாவே போதும். அங்குள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் பாராபாசாரஸ் தாகோரை என்னும் டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. கோதாவரிப் படுகையின் கோட்டா பாறை அடுக்கில் கிடைத்து, 1975இல் தாகூரின் பெயரைப் பெற்றது. இந்த வகை விலங்குகளுக்கு இன்று உயிரோடிருக்கும் உறவுகள் பறவைகளும் முதலைகளும்தான். துவாட்டராவோ பல்லிகளுக்கும் பாம்புகளுக்கும் பங்காளி. அந்தக் கிளையும் இதுவும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன என்று 2020இல் வெளியான அதன் மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. அதற்காக அதைப் பல்லி என்பதும் சரியல்ல. அது தனி வகை என்பதை ஆல்பர்ட் குந்தர் 1867இலேயே நிறுவிவிட்டார்.

குழப்பத்தின் வேர் வேறொரு விலங்கில் இருக்கிறது. கோதாவரிப் படுகையின் மலேரி அடுக்கில் கிடைக்கும் ஹைப்பரோடாபிடான், ட்ரையாசிக் காலத்து ரிங்கோசார் வகையைச் சேர்ந்தது. அலகு போல் வளைந்த முன்வாய் அதற்கு உண்டு. கீழ்த்தாடை மேலே ஒரு பள்ளத்தில் பொருந்தும். துவாட்டராவிலும் மேலே இரு பல்வரிசைகளுக்கு இடையே கீழ்வரிசை பொருந்துகிறது. இந்த ஒற்றுமையை நம்பி, விலங்கியலாளர் ஹக்ஸ்லியின் காலம் தொட்டு இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். துவாட்டரா ட்ரையாசிக் காலத்திலிருந்தே அப்படியே இருக்கிறது என்ற எண்ணம் இதனால் வலுத்தது. புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய சங்கர் சாட்டர்ஜி மலேரி எலும்புகளை 1974இல் விரிவாக விவரித்தார். ரிங்கோசாரில் பள்ளத்தின் இருபுறப் பற்களும் மேல்தாடை எலும்பு ஒன்றிலேயே இருக்கின்றன. துவாட்டராவின் உள்வரிசையோ அண்ண எலும்பில் முளைக்கிறது. வெளியே ஒத்துத் தோன்றினாலும் அமைப்பு வேறு. ரிங்கோசார்கள் முதலை, டைனோசர் வழியை ஒட்டியவை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன.

‘மாறவே இல்லை’ என்ற வாதம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. அரிசோனாவில் கிடைத்து 2022இல் விவரிக்கப்பட்ட ஜுராசிக் காலத்து நவாஹோஸ்பெனோடானின் மண்டையோடு துவாட்டராவை வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கிறது. மரபணுத்தொகுதியும் மெதுவாகவே மாறியிருக்கிறது. இவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அது ஒரு கிளையின் கதை மட்டுமே. துவாட்டராவின் உறவினமான பிளூரோசாரஸ் ஜெர்மனியின் ஜுராசிக் கடலில் நீந்தியது. பிரையோஸ்பெனோடான் அர்ஜென்டினாவில் தாவரம் தின்று ஒரு மீட்டர் வரை வளர்ந்தது. கோட்டா அடுக்கிலிருந்து 2001இல் விவரிக்கப்பட்ட ரெப்பனசாரஸ் ஜைனியும் இந்தக் குலமே. புள்ளியியல் நிறுவனத்தின் சோகன் லால் ஜெயினின் பெயரை அது தாங்கியிருக்கிறது.

பழமைக்கு அடையாளமாகக் காட்டப்பட்ட உறுப்புகளும் அப்படி இல்லை. கண்ணுக்குப் பின்னே கன்னத்தின் கீழ் ஓடும் முழு எலும்புப் பாலம் ஆதி ஊர்வனவற்றின் எச்சம் என்று கருதப்பட்டது. இந்தக் குலத்தின் பழைய விலங்குகளில் அந்தப் பாலம் முழுமையாக இல்லை. இழந்ததைத் துவாட்டரா மீண்டும் பெற்றது என்று, அவற்றுள் ஒன்றான டிபைடொன்டோசாரஸை ஆராய்ந்த வைட்சைட் 1986இல் வாதிட்டார். ஆண் துவாட்டராவுக்குப் புணர்ச்சி உறுப்பு இல்லாததும் ஆதிநிலை அல்ல. கருவில் அதற்கான முளை தோன்றி மறைவதை 2015இல், ஒரு நூற்றாண்டுக்கு முன் சேமித்த கருத்துண்டுகளைக் கொண்டே கண்டறிந்தார்கள்.

அதோடு, தன் சூழலுக்குப் பொருந்தாத பழைய உயிரும் அல்ல; இரவில் 5 டிகிரி குளிரிலும் நடமாடும் திறன் கொண்ட விலங்கு இது. பெரும்பாலான ஊர்வன அந்தக் குளிரில் அசையாது.

இனி அழிவு. துவாட்டரா மெதுவாக வாழ்கிறது. பெண் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை முட்டையிடும். முட்டை பொரிய ஓராண்டு ஆகும். இன்வர்காகில் அருங்காட்சியகத்தில் ஹென்றி என்ற ஆண் 2009இல் 111 வயதில் தந்தையானது. இப்படி வாழும் உயிரைக் காலம் தள்ளிவிடவில்லை. மனிதரோடு படகில் வந்த எலிகளே முட்டையையும் குஞ்சையும் தின்று, பெருந்தீவுகளிலிருந்து அதை ஒழித்தன. வெப்பம் கூடினால் ஆண் குஞ்சுகளே அதிகம் பொரிகின்றன. இதுவும் இன்றைய ஆபத்துதான், முதுமையின் விளைவல்ல. எலி புகாத வேலிக்குள் வெலிங்டனில் 2005இல் துவாட்டராக்களை விட்டார்கள். 2008இல் அங்கே முட்டைகள் கிடைத்தன.