விலை இறங்கினால் மல்பெரியைப் பிடுங்கலாமா?

பட்டுக்கூடு விலை ஏறுகிற மாதங்களில் மல்பெரி நாற்றுக்கு ஆள் மேல் ஆளாகக் கேட்டு வருகிறார்கள். விலை இறங்கிவிட்டால் அதே மல்பெரியை வேரோடு பெயர்த்துவிட்டு வேறு பயிருக்குப் போகிறார்கள். பட்டுப்புழு வளர்ப்பு நடக்கும் எல்லா மாவட்டங்களிலும் காணும் வழக்கம்தான் இது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதியில் இதனால் வரும் நட்டம் கூடுதல். ஏன் என்பதைப் பார்ப்போம்.

மல்பெரி நட்டால் முதல் தழை அறுவடைக்கு ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். முழு விளைச்சல் இரண்டாம் ஆண்டில்தான் கிடைக்கும். ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் தழை தரும். சந்தை விலையோ வாரத்துக்கு வாரம் மாறும். பதினைந்து ஆண்டுப் பயிரை வைப்பதா, எடுப்பதா என்பதை ஒரு வார விலையைக் கொண்டு முடிவு செய்தால் கணக்கு பிசகத்தான் செய்யும். விலை உச்சத்தில் இருக்கும்போது நட்டவர், கூடு எடுத்துச் சந்தைக்கு வரும்போது விலை சரிந்திருக்கும். சரிவில் பிடுங்கியவர், விலை திரும்பும்போது விற்கக் கூடு இல்லாமல் நிற்பார்.

கடந்த 20 ஆண்டுகளைத் திரும்பிப் பாருங்கள். 2008ஆம் ஆண்டு கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேற்கு மாவட்டங்களின் மல்பெரித் தோட்டங்களை வெள்ளை அடித்ததுபோல் ஆக்கியது. மருந்து அடித்து மாளவில்லை. 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. அந்தக் காயம் ஆறுவதற்குள், 2011ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் கச்சாப்பட்டு இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சீனப் பட்டு மலிவாக வந்து இறங்கியது, கூட்டு விலை விழுந்தது. 2013இல் வரி 15 சதவீதமாக உயர்ந்தது. பிறகு 10 ஆகக் குறைந்து, 2021 பட்ஜெட்டில் மீண்டும் 15 ஆனது. இடையே 2020இல் ஊரடங்கு வந்தது. கல்யாணங்கள் நின்றன, தறிகள் நின்றன, கூட்டை வாங்க ஆளில்லை. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் வெண்பட்டுக்கூடு கிலோ 700 ரூபாயைத் தாண்டி விற்றது.

இத்தனை ஏற்ற இறக்கத்துக்கும் நடுவில் தமிழ்நாட்டின் உற்பத்தி எங்கே போயிற்று? 2010-11இல் மாநிலத்தின் கச்சாப்பட்டு உற்பத்தி ஏறத்தாழ 1,200 டன். 2019-20இல் அது 2,000 டன்னைக் கடந்திருந்தது. கொரோனா ஆண்டில் சறுக்கிவிட்டு, மறு ஆண்டே மீண்டும் எழுந்தது. நாடு முழுவதற்கும் பார்த்தால், 2017-18இல் 31,906 டன்னாக இருந்த கச்சாப்பட்டு 2023-24இல் 38,913 டன் ஆனது. விலை மேலும் கீழுமாக ஆடினாலும், உற்பத்தியின் நீண்டகாலப் போக்கு மேல்நோக்கியே இருக்கிறது.

அந்த உயர்வுக்குக் காரணம் என்ன என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மல்பெரிப் பரப்பு கூடியது ஒரு காரணம்தான். புழு மாறியது அதைவிடப் பெரிய காரணம். முன்பு நம் வீடுகளில் வளர்ந்தது மஞ்சள் கூடு கட்டும் கலப்பினம். 1990களில் ஜப்பானிய உதவியுடன் மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சி.எஸ்.ஆர். இனங்கள் வந்த பிறகு வெண்பட்டு பரவியது. நாட்டின் வெண்பட்டு உற்பத்தி 2013-14இல் 3,000 டன்னுக்கும் குறைவு. 2023-24இல் 9,000 டன்னைத் தாண்டிவிட்டது. இந்த மாற்றத்தில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. வி1 மல்பெரி, தண்டோடு வெட்டிப் போடும் தழை முறை, இளம்புழு வளர்ப்பு மையங்கள், தனி வளர்ப்பு மனை ஆகிய நான்கும் சேர்ந்துதான் இதைச் சாத்தியமாக்கின. கலப்பினக் கூட்டில் ஒரு கிலோ நூல் எடுக்க ஏழெட்டுக் கிலோ கூடு வேண்டும். நல்ல வெண்பட்டில் ஆறு, ஆறரைக் கிலோ போதும். நூற்பாளர் கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான்.

இதிலிருந்து நம் மனைக்கு ஒரு கணக்கு போடலாம். 100 முட்டைத் தொகுதிக்கு நீங்கள் 80 கிலோ கூடு எடுக்கிறீர்கள், பக்கத்து மனைக்காரர் 60 கிலோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 500 ரூபாய் என்றால் உங்களுக்கு 40,000, அவருக்கு 30,000. விலை 375க்கு இறங்கினாலும் உங்கள் கையில் 30,000 இருக்கும். அதாவது, அவர் நல்ல விலையில் பார்த்த பணத்தை நீங்கள் மோசமான விலையிலேயே பார்த்துவிடுகிறீர்கள். சந்தை விலை நம் கையில் இல்லை. அந்த 20 கிலோ பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. மனையைக் கிருமி நீக்கம் செய்வது, ஊசி ஈக்கு வலை அடிப்பது, பால்புழு நோய் தென்பட்டதும் அந்தப் புழுவைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது, கடைசிப் பருவத்தில் தழையை அளந்து போடாமல் வயிறாரப் போடுவது, கோடையில் மனைக் கூரையைக் குளிர்விப்பது எல்லாம் அந்த 20 கிலோவுக்கான வேலைகள். புழு தின்னும் மொத்தத் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐந்தாம் பருவத்தில்தான் போகிறது. அங்கே கை சுருங்கினால் கூட்டில் தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். பாலாற்றுப் பகுதிக்கு மட்டும் இரண்டு சிக்கல்கள் தனியாக உண்டு.

முதலாவது தண்ணீர். உப்பிட்டு வரும் தோலை ஊறவைத்துக் கழுவிய நீரும், குரோமியப் பதனிட்ட நீரும் பல பத்தாண்டுகள் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றிலும் நிலத்திலும் விடப்பட்டன. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டதாக, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் செய்த கணக்கெடுப்பு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அந்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றம் நிலைநாட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு அங்கேயேதான் இருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே விவகாரத்தில் இழப்பீட்டை வழங்கவும் நிலத்தையும் ஆற்றையும் மீட்கவும் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன.

மல்பெரி ஓரளவு உப்பைத் தாங்கும். தாங்கிக்கொண்டு செடி நிற்பது வேறு, தழை புழுவுக்கு ஏற்றதாக இருப்பது வேறு. உப்பு நீரில் வளர்ந்த தழையில் ஈரம் குறையும், ஓரம் கருகும், சீக்கிரம் முற்றும். இளம்புழு அதைச் சரியாகத் தின்னாது. செடி பச்சையாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிட்டால், கூடு இளைத்துப்போவதற்கு நோயையோ முட்டையையோ குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆகவே இந்தப் பகுதியில் மல்பெரி நடும் முன் கிணற்று நீரைப் பரிசோதிப்பது கட்டாயம். மாதிரியைக் கோடையில் எடுங்கள். மழைக்காலத்து நீர் நல்லவன்போல் நடிக்கும். பாசன நீரின் மின் கடத்துதிறன் 0.7க்குள் இருந்தால் அச்சமில்லை. 0.7 முதல் 3 வரை என்றால் வடிகால், தொழு உரம், சொட்டுநீர் என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். 3ஐத் தாண்டினால் மல்பெரிக்கு இறங்காதீர்கள். உலக உணவு, வேளாண் நிறுவனத்தின் பொது வழிகாட்டுதலும் இந்த அளவுகளைத்தான் சொல்கிறது. மண் களராக இருந்தால் ஜிப்சம் இட்டுச் சீர்திருத்திய பிறகு, களர் தாங்கும் ஏ.ஆர்.12 ரகம் கிடைக்குமா என்று பட்டு வளர்ச்சித் துறையிடம் கேளுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

இரண்டாவது ஆள். ஆம்பூர், வாணியம்பாடி காலணி நிறுவனங்களின் பேருந்து காலையில் ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிச் செல்கிறது. மாதச் சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டுத் தழை பறிக்க வாருங்கள் என்று யாரையும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. இங்கே பட்டு நிலைக்க வேண்டுமானால் வீட்டிலுள்ள இரண்டு பேரால் முடிகிற அளவுக்கே அது இருக்க வேண்டும். ஓர் ஏக்கர் அல்லது ஒன்றரை ஏக்கர், இளம்புழு மையத்தில் வாங்கிய புழு, தண்டோடு தழை, பிளாஸ்டிக் வலைச் சந்திரிகை. இந்த அளவுக்கு மேல் போனால் கூலியே கூட்டைத் தின்றுவிடும்.

நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. ஆரணியும் காஞ்சிபுரமும் நம் பக்கத்துத் தறிகள். வாணியம்பாடியில் கூட்டு அங்காடி இருக்கிறது. தருமபுரி தூரமில்லை. பாவுக்கு உதவும் உறுதியான வெண்பட்டு நூலுக்கு அந்தத் தறிகளில் தேவை குறைந்ததில்லை.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. அங்காடிப் பலகையில் அன்றைய விலை எழுதப்படுகிறது. அதன் பக்கத்திலேயே ஒன்றிய வாரியாக மல்பெரிப் பரப்பு, விநியோகித்த முட்டைத் தொகுதி, 100 தொகுதிக்குச் சராசரி கூடு, கடந்த பத்து ஆண்டுச் சராசரி விலை ஆகிய நான்கையும் எழுதிப் போடுங்கள். இன்றைய விலையைப் பத்தாண்டு விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால், விவசாயி பதறிப்போய்க் கடப்பாரையைத் தூக்க மாட்டார். மல்பெரிக்கு மானியம் தரும் முன் நீர்ப் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். உப்பு நிலத்தில் மானியத்தைப் புதைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மல்பெரியை எடுத்துவிடப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், விலையைப் பற்றிப் பேசும் முன் அவருடைய கடைசி ஐந்து வளர்ப்புகளின் மகசூலைக் கேளுங்கள். 75, 80 கிலோ எடுப்பவர் என்றால் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். 50 கிலோவில் நிற்கிறார் என்றால் மனையையும் கிணற்று நீரையும் போய்ப் பாருங்கள். நீர் கைவிட்டிருந்தால் பிடுங்கிவிடுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள். மல்பெரியை எடுப்பதற்கு அது சரியான காரணம். ஒரு வாரத்துச் சந்தை விலை அப்படிப்பட்ட காரணம் ஆகாது.